வலையமைப்பு ஆளியின் சாவியும் சான்றிதழும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
வலையமைப்பும் தகவற் பாதுகாப்பும் – மேலதிக விளக்கம்



கண்டி மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள மடுல்கெல்ல பிரதேசத்துப் பாடசாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கணினி ஆய்வுகூடத்தில் 20 கணினிகளும் ஒரு சேவையகமும் உள்ளன. இவை யாவும் 24 துறைகள் கொண்ட ஓர் ஆளியுடன் வடங்களால் இணைக்கப்பட்டுள்ளன. தவணைப் பரீட்சைப் புள்ளிகள் சேவையகத்தில் உள்ளன. ஆளியைப் பொறுப்பாசிரியர் முகாமை செய்கிறார். அதற்காக அவர் ஆளிக்கு அருகே செல்வதில்லை. தமது மேசையிலுள்ள கணினியின் இணைய மேலோடியில் 192.168.1.2 என்ற முகவரியைத் தட்டச்சு செய்கிறார். ஆளியின் முகாமைப் பக்கம் திரையில் தோன்றுகிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே செல்கிறார்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தை வழங்கும் எதுவும் சேவையகமே ஆகும். ஆகவே ஆளிக்குள்ளும் ஒரு சிறிய வலைச் சேவையகம் இயங்குகிறது. வங்கியின் இணையத்தளத்துக்குச் சான்றிதழ் எதற்காகத் தேவையோ, அதற்காகவே இந்த ஆளிக்கும் தேவை. (முகாமை வசதியற்ற மலிவான ஆளிகளும் உள்ளன. அவற்றில் முகாமைப் பக்கமே இல்லை என்பதால் சான்றிதழுக்கும் இடமில்லை.)

ஆளியின் கடவுச்சொல் பிறர் கையில் அகப்பட்டால் என்ன நடக்கும்?

ஒரு துறையின் வழியாகச் செல்லும் தரவு முழுவதையும் இன்னொரு துறைக்குப் பிரதி செய்யும் வசதி முகாமை ஆளிகள் பலவற்றில் உண்டு. அது பழுது தேடுவதற்கென அமைக்கப்பட்டதாகும். ஆளியின் கடவுச்சொல்லைப் பெற்றவர் சேவையகம் இணைந்துள்ள துறையைத் தமது துறைக்குப் பிரதி செய்துவிட்டால், மறைகுறியாக்கப்படாத புள்ளிவிபரங்கள் யாவும் அவரது திரைக்கு வந்து சேரும். ஆய்வுகூடத்தின் கதவைப் பூட்டி வைத்தும் பயனில்லை.

அக்கடவுச்சொல் எவ்வாறு அகப்படும்? முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி. என்று மட்டும் இருந்தால், கடவுச்சொல் வடத்தின் வழியே எவரும் வாசிக்கத்தக்க எழுத்துகளாகவே செல்கிறது. இதனைத் தபால் அட்டைக்கு ஒப்பிடலாம். தபால் அட்டையைக் கையில் எடுக்கும் எவரும் அதிலுள்ளதை வாசிக்கலாம் அல்லவா? பழைய டெல்நெட் முறையும் இத்தகையதே. "ஆளி உரிய துறைக்கு மட்டுமே தரவை அனுப்புவதால் ஒட்டுக்கேட்க முடியாது" என்று சில மாணவர்கள் விடை எழுதுவதுண்டு. அது அரைகுறையான விடையாகும். குவியத்தைவிட ஆளி பாதுகாப்பானது என்பது உண்மையே. எனினும், ஒரு கணினி தன்னை வேறொரு கணினியாகக் காட்டித் தரவைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும்.

இரு சாவிகள்

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைவது சாவிச் சோடி. ஒன்று பொதுச் சாவி, எவருக்கும் கொடுக்கலாம். மற்றையது தனிச் சாவி. ஆளியை விட்டு வெளியே செல்லக்கூடாது. ஒன்றால் பூட்டியதை மற்றையதால் மட்டுமே திறக்கலாம். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் 1977 இல் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை இதற்குச் சிறந்த உதாரணம். இதனைக் கடினமானதென எண்ணி ஒதுக்க வேண்டாம். கணித பாடத்தில் கற்ற முதன்மை எண்ணும் வகுத்தல் மீதியுமே இதற்குப் போதும். ஒரு சிறிய உதாரணத்தைச் செய்து பார்ப்போம்.

3, 11 ஆகிய இரு முதன்மை எண்களை எடுத்துக்கொள்க. அவற்றின் பெருக்கம் 33. அடுத்து, ஒவ்வொன்றிலும் 1 ஐக் கழித்துப் பெருக்குக: 2 × 10 = 20. இனி, பெருக்கியபின் 20 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் இரு எண்களைத் தேட வேண்டும். 7, 3 என்பன பொருந்தும்; 7 × 3 = 21 அல்லவா? எனவே பொதுச் சாவி (33, 7) ஆகும். தனிச் சாவி (33, 3) ஆகும்.

4 என்ற எண்ணை இரகசியமாக அனுப்ப வேண்டும் எனக் கொள்வோம். அனுப்புபவர் 4 இன் 7 ஆம் வலுவைக் காண்கிறார்: 16384. அதை 33 ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16 தான் வடத்தின் வழியே செல்லும். பெறுபவர் 16 இன் 3 ஆம் வலுவைக் காண்கிறார்: 4096. அதை 33 ஆல் வகுக்க மீதி 4. அனுப்பிய எண் கிடைத்துவிட்டது. உங்கள் பயிற்சிக் கொப்பியில் 4 இற்குப் பதிலாக 5 ஐ இட்டுச் செய்து பாருங்கள். (இடையில் 14 வரும்.)

33 ஐக் கண்டவுடன் அது 3 × 11 என்று நீங்கள் கூறிவிடுவீர்கள். தனிச் சாவியையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் உண்மையான சாவியில் அப்பெருக்கம் 2048 பிற்று நீளமுடையது. தசம முறையில் எழுதினால் ஏறத்தாழ 617 இலக்கங்கள். அத்தகைய எண்ணை இன்றைய கணினிகளால் நியாயமான காலத்தினுள் காரணிப்படுத்த முடியாது. பழைய ஆளிகள் சிலவற்றில் 512 அல்லது 1024 பிற்றுச் சாவிகளே இருந்தன. அவை இன்று போதியனவல்ல. ஆளி "எத்தனை பிற்று?" எனக் கேட்கும்போது 2048 இற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

இதே கணிப்பை மறுபக்கமாகச் செய்தால் அது கையொப்பமாகிறது. 4 ஐத் தனிச் சாவியால் கணித்தால் (4 இன் 3 ஆம் வலு 64, 33 ஆல் வகுக்க மீதி 31) 31 கிடைக்கும். பொதுச் சாவியை உடைய எவரும் 31 இன் 7 ஆம் வலுவிலிருந்து மீண்டும் 4 ஐப் பெற்று, "இதை எழுதியவர் தனிச் சாவியை உடையவரே" என உறுதி செய்யலாம். இலக்கமுறைக் கையொப்பத்தின் அடிப்படை இதுவாகும்.

சான்றிதழ் எதற்கு?

ஆளி தனது பொதுச் சாவியை ஆசிரியரின் கணினிக்கு அனுப்புகிறது. ஆனால் அதை அனுப்பியது ஆளிதானா? இடையில் புகுந்த ஒருவர் தமது பொதுச் சாவியை அனுப்பி, "நானே ஆளி" என்று கூறலாம். ஆசிரியரின் கடவுச்சொல் நன்கு மறைகுறியாக்கப்பட்டே செல்லும். ஆயினும் அது கள்வரின் சாவியால் பூட்டப்பட்டுச் செல்லும்.

ஆகையால் "இப்பொதுச் சாவி இன்னாருடையது" என நம்பத்தக்க ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஆவணம் தேவைப்படுகிறது. அதுவே இலக்கமுறைச் சான்றிதழ். உங்கள் தேசிய அடையாள அட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயரும் படமும் இலக்கமும் உள்ளன. அதை நம்புவதற்குக் காரணம் உங்கள் படம் அன்று; அதை ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கியமையே ஆகும். சான்றிதழிலும் உரிமையாளரின் பெயர், அவரது பொதுச் சாவி, வழங்கியவரின் பெயர், தொடர் இலக்கம், செல்லுபடியாகும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, வழங்கியவரின் கையொப்பம் ஆகியன இடம்பெறும். தனிச் சாவி அதில் இடம்பெறாது. இதனைப் பல மாணவர்கள் தவறாக எழுதுகின்றனர்.

வழங்குபவர் சான்றுப்படுத்தும் நிறுவனம் எனப்படுவார். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. லங்காகிளியர் நிறுவனம் (இன்று லங்காபே) 2009 இல் லங்காசைன் என்ற பெயரில் சான்றுப்படுத்தும் சேவையைத் தொடங்கியது.

எனினும் நமது ஆளிக்கு ஓர் இடையூறு உண்டு. 192.168 எனத் தொடங்கும் முகவரி உலகில் எண்ணற்ற வலையமைப்புகளில் உள்ளது. அது எவருக்கும் தனியுரிமையானதன்று. ஆகவே மேலோடிகள் நம்பும் பொதுச் சான்றுப்படுத்தும் நிறுவனங்கள், 2015 நவம்பரிற்குப் பின் முடிவடையும் சான்றிதழ்களை இத்தகைய உள்ளக முகவரிகளுக்கு வழங்குவதை நிறுத்திவிட்டன. எஞ்சுவன இரு வழிகள். ஒன்று, ஆளி தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொள்ளும் சுயகையொப்பச் சான்றிதழ். மற்றையது, பாடசாலையோ வலயமோ தனக்கென ஒரு சிறிய உள்ளகச் சான்றுப்படுத்தும் அமைப்பை நிறுவி, அதன் மூலச் சான்றிதழை முகாமை செய்யும் கணினியில் சேர்த்துவிடுவது.

சுயகையொப்பச் சான்றிதழைக் கண்டால் மேலோடி எச்சரிக்கும். "நான் நானேதான்" என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுத்த கடிதத்தை யார் நம்புவர்? நான் முன்னர் பணியாற்றிய ஓரிடத்தில், "சிவப்பு எச்சரிக்கை வந்தால் தொடர்க என்பதை அழுத்தவும்" என்று தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டியிருந்தனர். அங்கு பயின்றவர்கள் எல்லா எச்சரிக்கைகளையும் அவ்வாறே கடந்து செல்லப் பழகிக்கொண்டனர். முறையான வழி வேறு. ஆளியின் முகாமைத் துறையில் வடத்தை நேரடியாக இணைத்து, சான்றிதழின் விரலடையாளம் எனப்படும் சுருக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலோடி காட்டும் எண்ணுடன் அதனை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாயின் மாத்திரமே ஏற்க வேண்டும்.

ஆளியில் சான்றிதழை நிறுவும் ஒழுங்கு

கம்பனிக்குக் கம்பனி கட்டளைகள் வேறுபடும். ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே.

முதலில் ஆளியின் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர் பார்ப்போம். அடுத்து ஆளிக்கு ஒரு பெயரிட்டு, 2048 பிற்றுச் சாவிச் சோடியை ஆளிக்குள்ளேயே உருவாக்க வேண்டும். பின்னர் ஆளி ஒரு சான்றிதழ்க் கோரிக்கையைத் தயாரிக்கும். பெயரும் பொதுச் சாவியும் அதிலுண்டு. இக்கோரிக்கை மட்டுமே வெளியே செல்கிறது. சான்றுப்படுத்தும் அமைப்பு கையொப்பமிட்டுத் தரும் சான்றிதழை, அவ்வமைப்பின் மூலச் சான்றிதழுடன் ஆளியில் ஏற்ற வேண்டும். இறுதியாக, துறை இலக்கம் 443 இல் இயங்கும் எச்.டி.டி.பி.எஸ். சேவையை இயக்கி, 80 இல் இயங்கும் எச்.டி.டி.பி. யையும் 23 இல் இயங்கும் டெல்நெட்டையும் நிறுத்த வேண்டும். இந்த இறுதிச் செயலைப் பலர் மறந்துவிடுகின்றனர். முன்கதவுக்குப் புதிய பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துவைப்பது போன்றது அது. கட்டளைக்கோட்டு முறையில் ஆளியைக் கையாள வேண்டுமாயின், டெல்நெட்டுக்குப் பதிலாகத் துறை இலக்கம் 22 இல் இயங்கும் எஸ்.எஸ்.எச். முறையைப் பயன்படுத்தலாம்.

கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது, ஏதோ பிழை எனக் கருதிச் சாவிச் சோடியை மீண்டும் உருவாக்கிவிடக்கூடாது. சான்றிதழ் பழைய பொதுச் சாவிக்கே வரும். புதிய தனிச் சாவியுடன் அது பொருந்தாது. கோரிக்கையை முதலிலிருந்து செய்ய நேரிடும்.

கடிகாரமும் 2020 ஜனவரி 1 உம்

மலையகத்தில் மழைக்காலத்து மின்தடை உங்களுக்குப் புதிதன்று. மின்கலத்துடன் கூடிய கடிகாரம் இல்லாத ஆளிகள் பல உள்ளன. மின் போய் வந்ததும் அவை தமது தொடக்கத் திகதிக்குத் திரும்பிவிடும். சிஸ்கோ நிறுவனத்தின் ஆளிகள் பலவற்றில் அத்திகதி 1993 மார்ச் 1 ஆகும். சான்றிதழ் இன்று செல்லுபடியாகுமா என அறியத் திகதி தேவை. திகதி பிழையாயின், மற்றொரு சேவையகத்தின் நல்ல சான்றிதழையும் ஆளி "இன்னும் தொடங்கவில்லை" என நிராகரிக்கும். அது தானே உருவாக்கும் சான்றிதழிலும் 1993 என்றே பதியும். வலையமைப்பு நேர நடப்பொழுங்கின் மூலம் ஆளி ஒரு நேரச் சேவையகத்திலிருந்து நேரத்தைப் பெறுமாறு அமைத்தால் இத்தொல்லை இல்லை.

இதைவிடப் பெரிய நிகழ்வொன்று உண்மையில் நடைபெற்றது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ்., ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. ஆகிய பணிசெயல் முறைமைகளின் பழைய பதிப்புகளில், சுயகையொப்பச் சான்றிதழ்களின் முடிவுத் திகதி 2020 ஜனவரி 1 என மென்பொருளிலேயே நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியோருக்கு அந்நாள் வெகு தொலைவிலுள்ளதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஆளிகள் நீண்டகாலம் உழைப்பவை. அந்நாள் வந்ததும் அத்தகைய சான்றிதழ்கள் யாவும் ஒரே கணத்தில் காலாவதியாகின. அத்துடன், அப்பதிப்புகளில் புதிய சுயகையொப்பச் சான்றிதழை உருவாக்கவும் முடியாமற் போயிற்று. 1993 மார்ச் 1 இல் தொடங்கி 2020 ஜனவரி 1 இல் முடியும் சான்றிதழ்களைப் பழைய ஆளிகளில் காணலாம். இரு திகதிகளுமே எவரும் தெரிவு செய்யாதவை!

சிஸ்கோ இதனை 2019 இறுதியில் அறிவித்தது. மென்பொருளை மேம்படுத்துவது ஒரு பரிகாரம். சான்றுப்படுத்தும் அமைப்பிடமிருந்து சான்றிதழ் பெற்று நிறுவுவது மற்றொன்று. இந்நிகழ்வில் தரவைக் கடத்தும் பணி நிற்கவில்லை. சான்றிதழின்றிச் சாவியை மட்டும் பயன்படுத்திய எஸ்.எஸ்.எச். இணைப்புகளும் தொடர்ந்து இயங்கின. சாவி வேறு, சான்றிதழ் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. சாவி தானாகக் காலாவதியாவதில்லை. சான்றிதழே காலாவதியாகிறது.

பொது இணையத்தளச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டெம்பரில் அது 398 நாள் ஆயிற்று. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என 2025 ஏப்ரலில் தீர்மானிக்கப்பட்டது. உள்ளகச் சான்றிதழ்களை இது கட்டுப்படுத்தாது. எனினும் முடிவுத் திகதியைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது.

ஒரே சாவி பல ஆளிகளில்

சாவியை உருவாக்க எழுமாறான எண்கள் தேவை. மனிதர் பயன்படுத்தும் கணினிக்குச் சுட்டி அசைவு, விசைப்பலகைத் தட்டல் போன்றவற்றிலிருந்து அவை கிடைக்கும். அப்போதுதான் முதன்முறையாக மின்னூட்டப்பட்ட ஆளிக்கோ வழிப்படுத்திக்கோ அவை எதுவும் இல்லை. ஆகவே ஒரே வகையான இரு சாதனங்கள் ஒரே முதன்மை எண்ணைத் தெரிவு செய்துவிடலாம்.

2012 இல் ஆய்வாளர்கள் இணையம் முழுவதிலுமிருந்து பொதுச் சாவிகளைத் திரட்டி ஆராய்ந்தபோது இது உறுதியாயிற்று. அவர்கள் எந்த எண்ணையும் நேரடியாகக் காரணிப்படுத்தவில்லை. நீங்கள் கற்ற பொதுக் காரணிகளுட் பெரியதையே கண்டனர். ஒரு சாதனத்தின் எண் 33, இன்னொன்றின் எண் 39 எனக் கொள்வோம். இரண்டினதும் பொ.கா.பெ. 3. உடனே 33 = 3 × 11 என்றும் 39 = 3 × 13 என்றும் தெரிந்துவிடும். இரு தனிச் சாவிகளும் போயின! எண் 617 இலக்கமாயினும் பொ.கா.பெ. காண்பது கணினிக்கு எளிது. மறைகுறியாக்கப்பட்ட வலைச் சேவை வழங்கிய சாதனங்களுள் ஏறத்தாழ 0.5 சதவீதமானவற்றின் தனிச் சாவிகளை அவர்கள் இவ்வாறு பெற்றனர். அவற்றுட் பெரும்பாலானவை வழிப்படுத்தி போன்ற தலையில்லாச் சாதனங்கள். தொழிற்சாலையில் இட்ட ஒரே சாவியை மாற்றாமல் வைத்திருந்த சாதனங்களும் அகப்பட்டன. இதனாலேயே, புதிய ஆளியுடன் வரும் சாவியை அழித்து, ஆளி சிறிது நேரம் இயங்கிய பின் புதிய சாவிச் சோடியை உருவாக்குமாறு கூறப்படுகிறது.

தனிச் சாவி வெளிப்படும் இன்னொரு வழி காப்புப் பிரதி. சில ஆளிகளின் அமைப்பு விபரங்களைக் கோப்பாகச் சேமிக்கும்போது தனிச் சாவியும் அதிலேயே வரும். அக்கோப்பைப் பேனா நினைவகத்தில் போட்டுக் கைக்குக் கை மாற்றுவது, சாவிக்கொத்தை வீதியில் வைப்பதற்குச் சமன். ஆளியைத் திருத்தக் கொடுப்பதாயினும் விற்பதாயினும் சாவிகளை முதலில் அழிக்க வேண்டும்.

வழங்குபவரே தவறினால்?

2014 ஜூலையில் இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்தினது சான்றுப்படுத்தும் பிரிவின் பெயரில், கூகிள், யாகூ ஆகியவற்றின் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கூகிள் ஜூலை 2 ஆந் திகதி இதனை அறிந்து அறிவித்தது. மறுநாளே இந்தியச் சான்றுப்படுத்தல் கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தார். திகதி முடியுமுன் ஒரு சான்றிதழைச் செல்லுபடியற்றதாக்குவது இரத்துச் செய்தல் எனப்படும். நமது ஆளியின் தனிச் சாவி களவு போனாலும் செய்ய வேண்டியது இதுவே: பழைய சான்றிதழை இரத்துச் செய்து, புதிய சாவிச் சோடியை உருவாக்கி, புதிய சான்றிதழைப் பெறுதல். பழைய சாவிக்கே புதிய சான்றிதழ் பெறுவது பயனற்றது.

பிறருடைய தரவை அனுமதியின்றி இடைமறிப்பது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியது. ஆய்வுகூடத்தில் "சும்மா செய்து பார்த்தேன்" என்பது அதற்கு விடையாகாது.

மாதிரி வினாக்கள்

1. இலக்கமுறைச் சான்றிதழில் இடம்பெறாதது எது?
(1) முடிவுத் திகதி (2) பொதுச் சாவி (3) தனிச் சாவி (4) வழங்கியவரின் கையொப்பம்

2. 5, 11 ஆகிய முதன்மை எண்களிலிருந்து பெறப்படும் பொதுச் சாவி (55, 3) ஆகும். தனிச் சாவி (55, 27) என ஒரு மாணவர் கூறுகிறார். அது சரியா எனக் காட்டுக.

3. மின்தடையின் பின் ஓர் ஆளி, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட சேவையகச் சான்றிதழை "இன்னும் செல்லுபடியாகவில்லை" என நிராகரிக்கிறது. காரணத்தையும் பரிகாரத்தையும் தருக.

4. இரு ஆளிகளின் பொதுச் சாவி எண்கள் முறையே 77, 91. இரண்டினதும் காரணிகளைப் பொ.கா.பெ. மூலம் காண்க.

விடைகள்

1. (3)

2. (5 − 1) × (11 − 1) = 40. 3 × 27 = 81. 81 ஐ 40 ஆல் வகுக்க மீதி 1. ஆகவே சரி.

3. ஆளியின் கடிகாரம் பழைய திகதிக்குத் திரும்பியமை காரணமாகும். நேரத்தைச் சரிசெய்து, நேரச் சேவையகத்துடன் இணைக்க வேண்டும். சான்றிதழை மாற்றுதல் என எழுதினால் புள்ளி கிடையாது.

4. பொ.கா.பெ. = 7. எனவே 77 = 7 × 11, 91 = 7 × 13.